கூரையே மதில்: பறந்து வரும் பகைக்கு எதிராக ஒரு கோட்டை

கோட்டை என்பது நடந்து வரும் பகைவனை மனத்தில் வைத்துப் போடப்பட்ட கணக்கு. அகழி அவனுடைய ஏணியையும் சுரங்கத்தையும் தள்ளி நிறுத்துகிறது. மதில் அவனை மறிக்கிறது. மதிலின் மேல் பல்வரிசை போல நிற்கும் ஞாயில்கள் அவன்மீது அம்பு எய்பவனை மறைக்கின்றன. வாயிலை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் வழி, கேடயம் பிடிக்காத அவனது வலப்பக்கத்தைக் காவலர்களுக்குத் திறந்து காட்டுகிறது. திருக்குறளின் அரண் அதிகாரம் நீரும் மண்ணும் மலையும் காடும் உடையதே அரண் என்கிறது. இந்த நான்கும் கால்களைக் களைக்கச் செய்பவை. சிறகுடையவனுக்கு இவற்றில் ஒன்றும் ஒரு பொருட்டல்ல. அப்படியிருந்தும், டிராகன்கள் தலைமுறை தலைமுறையாகப் பறந்து திரியும் மிகுபுனைவு உலகங்களில்கூட, அந்த உலகத்து மன்னர்கள் வானத்தைப் பார்த்தே அறியாதவர்கள் போல, திறந்த முற்றமும் தட்டையான மேல்தளமும் கொண்ட கோட்டைகளையே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். டிராகன் வரும் நாளில் அந்தக் கோட்டை எரிந்து விழுகிறது. அது டிராகனின் வலிமையைக் காட்டுவதாக ஆசிரியர் கருதுகிறார். எனக்கு அது கட்டியவரின் மறதியை மட்டுமே காட்டுகிறது.

உண்மையான கோட்டைகளைக் கட்டியவர்கள் அவ்வளவு மறதிக்காரர்களாக இருந்ததில்லை. 1494ஆம் ஆண்டு பிரான்சின் மன்னர் எட்டாம் சார்லஸ், இரும்புக் குண்டுகளை எறியும் வெண்கலப் பீரங்கிகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு இத்தாலிக்குள் நுழைந்தார். உயர்ந்து மெலிந்து நின்ற பழைய மதில்கள் அவற்றின் முன் தாங்கவில்லை. அதன்பின் சில பத்தாண்டுகளுக்குள் இத்தாலியில் கோட்டையின் வடிவமே மாறியது: மதில்கள் தாழ்ந்தன, மண் நிரப்பித் தடித்தன, வட்டக் கோபுரங்கள் இருந்த இடத்தில் ஈட்டிமுனை போன்ற கொத்தளங்கள் நீண்டன. ஒரு புதிய ஆயுதத்துக்கு மனிதர்கள் இவ்வளவு விரைவாக மறுமொழி சொல்லியிருக்கும்போது, ஆயிரம் ஆண்டுகளாக வானிலிருந்து அடிபட்டுவரும் ஒரு நாடு எந்த மறுமொழியும் சொல்லாமல் இருக்காது. எழுதிவரும் ஒரு கதைக்காக அந்த மறுமொழி எப்படி இருக்கும் என்று நீண்ட காலமாக யோசித்து வருகிறேன். நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இதுதான்: வானத்தை மூட முடியாது, மூட வேண்டியதும் இல்லை. பறந்து வருபவன் எதையேனும் கைப்பற்ற வேண்டுமானால் இறங்கியே தீர வேண்டும்; அந்த இறங்குமிடத்தை அவனுக்கு மறுப்பதுதான் பாதுகாப்பு.

இதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. பெல்ஜியத்தில் ஆல்பர்ட் கால்வாயின் கரையில் 1930களில் கட்டி முடிக்கப்பட்ட எபன் எமேல் கோட்டை, அக்காலத்தில் வெல்ல முடியாதது என்று நம்பப்பட்டது. ஒரு பக்கம் கால்வாய்க்காக வெட்டப்பட்ட செங்குத்தான பாறைச் சுவர், அதன் அடியில் நீர், மற்ற பக்கங்களில் அகழிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும், பூமிக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் சுரங்கப் பாதைகள், அறுநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள். நிலத்தில் நடந்து வரும் படைக்கு அது உண்மையிலேயே பெரும் தடை. ஆனால் அதன் மேற்பரப்பு புல் வளர்ந்த அகன்ற வெளியாக இருந்தது. வீரர்கள் அங்கே கால்பந்து விளையாடினார்கள். அங்கே முள்வேலியோ கண்ணிவெடியோ பரப்பி வைக்கப்படவில்லை. வானை நோக்கிய துப்பாக்கிகள் மிகச் சிலவே இருந்தன. 1940 மே 10 அன்று விடியும் வேளையில், எஞ்சினே இல்லாமல் காற்றில் மிதந்து வரும் ஜெர்மானியக் கிளைடர் விமானங்கள் அந்தப் புல்வெளியில் ஓசையின்றி வந்து இறங்கின. 80-க்கும் குறைவான வீரர்கள் அவற்றிலிருந்து இறங்கி, பீரங்கிக் கூண்டுகளின்மீது வெடிமருந்தை வைத்து ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்தார்கள். உள்ளே இருந்தவர்கள் தங்கள் கோட்டைக்குள்ளேயே சிறைப்பட்டார்கள். மறுநாள் கோட்டை சரணடைந்தது.

மிகுபுனைவு எழுதும் ஒவ்வொருவரும் இந்த நிகழ்வை ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அங்கே வந்தவை நெருப்பைக் கக்கவில்லை, மதிலை இடிக்கவில்லை. ஓசையின்றி வந்து, யாரும் காவல் வைக்க நினைக்காத ஒரு சமதளத்தில் அமர்ந்தன, அவ்வளவுதான். கழுகின் தலையும் சிறகும் சிங்கத்தின் உடலும் கொண்ட கற்பனை விலங்கான கிரிஃபின்மீது ஏறி வரும் பத்துப் பேர் இரவில் வாயிற்கோபுரத்தின் தளத்தில் இறங்கி, உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டால், வெளியே காத்திருக்கும் சாதாரணக் காலாட்படைக்கு மதில் இருந்தென்ன, இல்லாமல் போனால்தான் என்ன? டிராகனின் நெருப்பைவிட நான் அஞ்சுவது இந்தப் பத்துப் பேரைத்தான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, தாக்குதலை எதிர்பார்க்கும் முறை ஜெர்மானியருக்கு வந்தபோது, அவர்கள் அதே பாடத்தைத் திருப்பிப் பயன்படுத்தினார்கள். நார்மண்டியின் வயல்வெளிகளில் மனித உயரத்தைவிட இரு மடங்குக்கும் மேலான மரக்கம்பங்களை வரிசை வரிசையாக நட்டு, பல இடங்களில் அவற்றைக் கம்பிகளால் பிணைத்து வைத்தார்கள். இறங்கும் விமானத்தின் இறக்கையை முறிப்பதே அவற்றின் வேலை. மரமும் கம்பியும் மட்டுமே தேவைப்படும் இந்த உத்தி, எந்த மன்னனின் காலத்துக்கும் பொருந்தும்.

எனவே நான் வரையும் கோட்டையில் முதலில் காணாமற்போவது அகன்ற முற்றம். அதன் இடத்தில், இரண்டு பேர் அருகருகே நடக்கும் அளவுக்கே இடைவெளி விட்ட கட்டடங்களும், அவற்றுக்கு இடையே கல்வளைவுகள் வேய்ந்த பாதைகளும் வருகின்றன. தட்டையான தளம் எங்கெல்லாம் தவிர்க்க முடியாததோ அங்கெல்லாம் இரும்பு முனை வைத்த கழிகள் நெருக்கமாக நடப்படுகின்றன; காவலர்கள் நடமாட அவற்றினூடே ஒருவர் செல்லும் அளவுக்கு ஒரு வளைந்த தடம் மட்டும் விடப்படுகிறது. மற்றக் கூரைகள் யாவும் கால் ஊன்ற முடியாத சரிவு கொண்டவை. மேல்தளத்திலிருந்து உள்ளே இறங்கும் ஒவ்வொரு கதவும் கனத்த பலகையால் ஆனது, கீழிருந்து தாழிடப்படுவது. ஏனெனில் இந்தக் கோட்டையில் மொட்டைமாடிதான் வெளிப்புறம், படிக்கட்டின் உச்சிதான் தலைவாயில். ஒரு கோபுரத்தின் தளத்தில் பகைவன் இறங்கிவிட்டால் அவனை அந்தக் கோபுரத்திலிருந்தே விரட்ட முயல்வது வீண். பக்கத்தில் உள்ள இரண்டு கோபுரங்களிலிருந்து அந்தத் தளம் முழுவதும் அம்புக்கு எட்டும்படி அமைய வேண்டும். பீரங்கிக் காலத்துக் கொத்தளங்கள் ஒன்றின் மறைவிடத்தை மற்றொன்று காத்ததும் இதே முறையில்தான். அவர்கள் மதிலடியைக் காத்தார்கள். நாம் கூரையைக் காக்கிறோம்.

இனி, வருபவனின் உடலைப் பற்றிப் பேச வேண்டும். பெரும்பாலான கதைகளில் மிகக் குறைவாகச் சிந்திக்கப்படுவது இதுவே. ஓர் உயிரின் நீள அகலங்கள் இரு மடங்கானால் அதன் இறக்கைப் பரப்பு நான்கு மடங்காகிறது, எடையோ எட்டு மடங்காகிறது. அதனால்தான் பறக்கும் உயிர்களுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அறியப்பட்ட பறக்கும் விலங்குகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான கெட்சல்கோட்லஸ், டைனோசர் காலத்தின் இறுதியில் வாழ்ந்தது. சிறகு விரிப்பு ஏறத்தாழ 10 மீட்டர், எடை 200 முதல் 250 கிலோ என்று மதிப்பிடுகிறார்கள். மாயத்தின் துணை இல்லாத டிராகன் ஒன்று வேண்டுமானால் இந்த அளவை மனத்தில் வைத்துத் தொடங்கலாம்.

இவ்வளவு கனத்த உயிர் சிறகடித்தே வானில் நிற்க முடியாது. இன்று வாழும் பறவைகளில் 15 கிலோ வரை எடை கொண்ட ஆண்டீஸ் மலைக் காண்டார் கழுகுகளின் உடலில் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தபோது, பறக்கும் நேரத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு மட்டுமே அவை சிறகடிக்கின்றன என்று தெரியவந்தது. ஒரு பறவை ஒருமுறைகூடச் சிறகசைக்காமல் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக, சுமார் 172 கிலோமீட்டர் மிதந்து சென்றது. அவை நம்பியிருப்பது வெயிலில் சூடாகி மேலெழும் காற்றையும், மலைச் சரிவில் மோதி மேலேறும் காற்றையும்தான். கோட்டை காப்பவனுக்கு இதைவிட மதிப்புள்ள செய்தி வேறில்லை. பெரிய பறக்கும் பகை நள்ளிரவில் வருவதைவிட, நிலம் சூடேறிய முற்பகலுக்குப் பிறகு வருவதற்கே வாய்ப்பு மிகுதி. காற்றும் வெயிலும் இல்லாத மந்தமான நாள் காவலர்கள் ஓய்வெடுக்கும் நாள். இதில் கசப்பான ஒரு பக்கமும் உண்டு: செங்குத்தான மலை விளிம்பு, நடந்து வருபவனுக்கு எதிராக எவ்வளவு சிறந்த இடமோ, மிதந்து வருபவனுக்கு அவ்வளவு வசதியான இடம். காற்று அங்கே அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும்; அவன் கோட்டையின் தலைக்கு மேல் களைப்பின்றிச் சுற்றிக்கொண்டிருப்பான். இருவகைப் பகையும் உள்ள உலகில் மன்னன் இந்த இரண்டில் எதைப் பெரிதாகக் கருதுகிறான் என்பதை, கோட்டை நிற்கும் இடமே சொல்லிவிட வேண்டும்.

எழும்புவதும் இவற்றுக்கு எளிதல்ல. சார்ல்ஸ் டார்வின் 1830களில் தென்னமெரிக்காவில் பயணம் செய்தபோது, சிலி நாட்டு மக்கள் காண்டார்களைப் பிடிக்கும் முறையைப் பதிவுசெய்தார். ஒரு வழி மட்டும் விட்டு அடைக்கப்பட்ட கழிவேலிக்குள் இறந்த விலங்கின் உடலைப் போட்டு வைப்பார்கள். பறவைகள் வயிறு புடைக்கத் தின்றபின் குதிரையில் பாய்ந்து வந்து அந்த வழியை மறிப்பார்கள். ஓடி வேகம் எடுக்க இடமில்லாததால் பறவைகள் எழும்ப முடியாமல் சிக்கிக்கொள்ளும். திறந்த முற்றத்தை நான் ஒழித்துவிட்டேன் என்றேன்; ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். நாற்புறமும் உயர்ந்த வழவழப்பான சுவர், நடுவே கட்டப்பட்ட கால்நடைகள், சுவர்களின் உள்ளே மறைந்த அம்புத் துளைகள். பசியோடு வரும் மிருகத்துக்கு அது விருந்தாகத் தோன்றும். அறிவுள்ள டிராகன் இதில் விழாது என்பது உண்மைதான். ஆனால் அறிவுள்ள டிராகனோடு போரிடுவதைவிடப் பேச்சுவார்த்தை நடத்துவது நல்லது.

அம்பு எய்து வீழ்த்துவது பற்றி எல்லாக் கதைகளும் மிகையான நம்பிக்கை வைத்திருக்கின்றன. நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எய்யப்பட்ட அம்பு, காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 127 மீட்டருக்கு மேல் ஏறாது. 60 மீட்டர் உயரத்தை அடையும்போதே அதன் ஆற்றலில் ஏறக்குறைய பாதி போய்விடும். போதாக்குறைக்கு, பழைய கோட்டைகளின் அம்புத் துளைகள் பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் எய்வதற்காகவே செதுக்கப்பட்டவை. அவற்றின் வழியே வானத்தைப் பார்க்கவே முடியாது. மதிலோரத்துப் பெரிய விற்பொறிகளை விரைவாகத் திருப்பவோ நிமிர்த்தவோ இயலாது. ஆகவே உயரத்தில் சுற்றுபவனை நோக்கி எய்வது அம்பை வீணாக்குவது. அந்த அம்பு திரும்பி நம்மவர் தலையில்தான் விழும். இறங்கும் கணத்தில் எந்தப் பறவையும் வேகத்தைக் குறைத்து, சிறகை அகல விரித்து, வயிற்றைக் காட்டியே ஆக வேண்டும். கழிகளும் சரிவுகளும் நிறைந்த கூரையில் ஓரிரண்டு இடங்களை மட்டும் இறங்கத் தோதாக வேண்டுமென்றே விட்டுவைத்து, விற்பொறிகள் அனைத்தையும் அந்த இடங்களுக்கு முன்கூட்டியே குறிவைத்து நிறுத்திவிட்டால், திருப்ப முடியாத குறை குறையாகவே இராது.

மேலிருந்து அவன் கல்லைப் போட்டால்? 100 மீட்டர் உயரத்திலிருந்து விடப்படும் கல் தரையைத் தொட நாலரை நொடி ஆகும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரை நெருங்கும். ஓட்டுக்கூரையை அது துளைத்துவிடும். ஆனால் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பறப்பவன் இலக்குக்கு 90 மீட்டர் முன்னதாகவே அதை விட வேண்டும். காற்று கொஞ்சம் அடித்தாலும் குறி தவறும். மேலும், இன்றைய வேட்டைப் பறவைகளைப் பார்த்தால், தம் எடையளவு சுமையைத் தூக்கிக்கொண்டு நெடுந்தொலைவு செல்வது அவற்றுக்கே அரிது. கல்மழை தொல்லை தரும், கோட்டையை வீழ்த்தாது. தடித்த கல்வளைவுக் கூரை இதற்குப் போதுமானது.

அம்பைவிடக் கயிற்றை நம்பலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தன் நகரங்களின் மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரும் பலூன்களை எஃகுக் கம்பிகளில் கட்டி மிதக்கவிட்டது. அவற்றின் முதன்மையான பயன் விமானங்களை வீழ்த்துவதல்ல, தாழப் பறக்க விடாமல் தடுப்பது. உயரே போனால் குறி தவறும், கீழிருக்கும் பீரங்கிகளுக்கும் வேலை எளிதாகும். கோபுரத்துக்குக் கோபுரம் வெவ்வேறு உயரங்களில் இழுத்துக் கட்டிய மெல்லிய சங்கிலிகள் கோட்டைக்கும் அதையே செய்யும். கானமயில் போன்ற கனத்த பறவைகள் மின்கம்பிகளில் மோதி இறப்பதற்குச் சொல்லப்படும் காரணம் இங்கே பயன்படுகிறது: அவற்றின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் முன்னால் இருப்பதைக் குறைவாகவே காண்கின்றன, கண்டபின்னும் உடலின் கனம் சட்டென்று விலக விடுவதில்லை. எந்தப் பக்கத்துச் சங்கிலி எந்த நாளில் தளர்த்தப்பட்டிருக்கும் என்பதைக் காவலர்கள் மாற்றிக்கொண்டே இருந்தால், பகைவனின் உளவு நாள்தோறும் பழசாகிவிடும்.

காவல் பார்ப்பதற்கு உயரம் உதவுகிறது. 30 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து அடிவானம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் தாழப் பறந்து வருபவனை விளிம்பிலேயே கண்டுகொண்டாலும் பதினாறு நிமிட அவகாசம்தான். வயலில் இருப்பவர்கள் ஓடி வந்து சேர அது போதும், ஆனால் படை திரட்டப் போதாது. சூரியனின் திசையிலிருந்து வருபவனைக் கண் காணாது. அங்கே காது வேண்டும். ரேடார் வருவதற்கு முன் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் விமானங்களின் ஒலியைத் திரட்டிக் கேட்பதற்காகக் கட்டப்பட்ட குழிவான கான்கிரீட் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் ஒன்று 60 மீட்டர் நீளம் உடையது. கல்லால் அப்படியொரு சுவரைக் கட்ட எந்தக் காலத்துச் சிற்பிக்கும் முடியும். ஆந்தையைப் போல் ஓசையின்றிப் பறக்கும் இனமாக இருந்தால் மட்டும் அது உதவாது.

நெருப்பு மீதமிருக்கிறது. 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தின் கூரை எரிந்தபோது, ஓக் மரச் சட்டகமும் அதன்மேல் வேய்ந்த ஈயத் தகடுகளும் அழிந்தன. ஆனால் அதன் கீழிருந்த கல்வளைவுகளில் பெரும்பகுதி தாங்கி நின்று ஆலயத்தின் உட்புறத்தைக் காத்தது. மரக்கூரை என்றால் ஒரே மூச்சில் கோட்டை போகும். கல்வளைவு என்றால் நாள் முழுவதும் ஊதினாலும் அடியில் இருப்பவர்கள் பிழைப்பார்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகி, தாழ்வாரத்தில் நிற்பவர் தலையில் கொட்டும். அதை நான் தவிர்த்துவிடுவேன். நிலவறைக்குள் புகுந்துகொள்வது இன்னும் உறுதியான வழி. துருக்கியின் கப்படோக்கியாவில் ஏறத்தாழ 85 மீட்டர் ஆழம் வரை குடையப்பட்ட டெரின்குயு நிலத்தடி நகரம், உருளைக் கற்களைக் கதவாகக் கொண்டு பல்லாயிரம் பேருக்கு அடைக்கலம் தந்தது. அத்தகைய இடத்தின் உயிர்நாடி காற்றுத் துளைகள்தான். டிராகன் அவற்றின் வாயைக் கண்டுபிடித்தால் புகை போதும், நெருப்பே வேண்டியதில்லை. எனவே அவை ஒன்றுக்கொன்று தொலைவாக, பாறை இடுக்குகளில், பொய்த் துளைகளோடு கலந்து அமைய வேண்டும்.

ஓவியர்கள் விரும்பி வரையும் ஊசிக் கோபுரங்களை நான் விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கூம்புக் கூரையில் எந்த மிருகமும் எளிதில் அமர முடியாது. மெலிந்த கூர்ங்கோபுரங்கள் நெருங்கி நிற்கும் அந்தக் கற்பனை அரண்மனை, கட்டைகுட்டையான தட்டைத்தளக் கோட்டையைவிட இந்தப் போருக்குப் பொருத்தமானது. சட்டகத்தை மட்டும் கல்லால் செய்துவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கோட்டையால் தீர்க்க முடியாத ஒன்று மிஞ்சுகிறது. கோட்டை இருப்பது தன்னைக் காத்துக்கொள்வதற்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள நிலத்தை ஆள்வதற்கும்தான். மந்தைகளும் விளைநிலங்களும் கூரைக்கு வெளியேதான் இருக்கின்றன. டிராகன் கோட்டையைத் தொடாமலேயே ஓர் அறுவடையை எரித்துவிட்டுப் போகலாம். நிலத்தடிக் களஞ்சியம் ஓராண்டைத் தாங்கும், இரண்டாண்டைத் தாங்கலாம். அதனால் என் கதையின் மக்கள் கோட்டையை ஊர் நடுவிலிருந்து எடுத்து, டிராகன்கள் முட்டையிடும் பாறை முகட்டின் அடிவாரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எவ்வளவு தொலைவு பறந்தாலும் அவை திரும்பி வந்து இறங்க வேண்டிய இடம் அது ஒன்றுதான். கழிகளையும் சங்கிலிகளையும் அங்கேயே கட்டி, குறிவைத்த விற்பொறிகளை அதை நோக்கியே நிறுத்தியிருக்கிறார்கள்.